1938-ஓடு முடிந்துவிடும் பட்டியல்

அந்தமான் செல்லுலார் சிறையின் நடுக் கோபுரத்தில் பளிங்குப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அங்கே அடைபட்டிருந்த அரசியல் கைதிகளின் பெயர்கள் மாகாணவாரியாக, மூன்று காலப் பிரிவுகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன: 1909 முதல் 1921 வரை, 1922 முதல் 1931 வரை, 1932 முதல் 1938 வரை. சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஆறு பேருக்குச் சிலைகள். இந்து பூஷண் ராய், பாபா பான் சிங், பண்டிட் ராம் ரக்கா, மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ். அறுவரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தச் சிறைக்குள் உயிர்விட்டவர்கள். பட்டியலும் சரி, சிலைகளும் சரி, 1938-ஓடு நின்றுவிடுகின்றன. அந்த ஆண்டுக்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் சிறை 1938-இல் மூடப்படவில்லை. அதற்குப் பிறகு 1944 ஜனவரி 14 அன்று அதே சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த ஒருவர் இருக்கிறார். ராணுவ மருத்துவராக இருந்தவர், பஞ்சாபிக் கவிஞர், டாக்டர் திவான் சிங் காலேபாணி. அவரைக் கொன்றவர்கள் ஜப்பானியர். அந்தமானைப் பற்றி நாடு சொல்லிக்கொள்ளும் கதையில் சிறைக்காரன் ஆங்கிலேயன்தான் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அதில் பொருந்தாத சாவுகளை நினைவுகூரும் பொறுப்பு அந்தந்தச் சமூகங்களின் தலையில் விழுந்தது. அப்படி விழுந்ததில் அந்த மனிதர்கள் தங்கள் முழு உருவத்தை இழந்தார்கள் என்பதைத் திவான் சிங்கின் வாழ்க்கையை வைத்துக் காட்டமுடியும்.

அவர் 1897-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். ஆக்ராவில் மருத்துவம் படித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்திருந்த காலம் அது. சிம்லா மலைப் பக்கம் உள்ள டக்‌ஷாய் படைமுகாமில் பணியில் இருந்தபோது அரசுக்கு எதிராகப் பேசினார் என்று அவர்மேல் நடவடிக்கை வந்தது. சீருடை போட்ட ஒருவரை வெளிப்படையாகத் தண்டித்து ஊரறியச் செய்வதைவிட, தூரமான இடத்துக்கு மாற்றிவிடுவது எந்த நிர்வாகத்துக்கும் கைவந்த கலை. அவர் பர்மாவுக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்து 1927-இல் அந்தமான். கைதிகளைத் தண்டனையாக அனுப்பிய இடத்துக்கு ஒரு மருத்துவரையும் ஏறக்குறைய தண்டனையாகவே அனுப்பினார்கள். ஊர்ப்பெயரைப் பேரோடு சேர்த்துக்கொள்ளும் பஞ்சாபி வழக்கப்படி, அவர் பிறந்த ஊரை விட்டுவிட்டு வந்து சேர்ந்த இடத்தைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் வந்து இறங்கிய அந்தமான், நம் மனத்தில் பதிந்திருக்கும் வெறும் சிறைத்தீவு அன்று. 1919–20-இல் இந்தியச் சிறைச்சாலைக் குழு, நாடுகடத்தும் தண்டனையைக் கைவிடச் சொல்லிப் பரிந்துரைத்திருந்தது. அரசு அரைமனதோடு அதை ஏற்று, கைதிக் குடியிருப்பைக் குடியானவர்களின் குடியிருப்பாக மாற்றத் தொடங்கியிருந்தது. 1921 மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட மாப்பிள்ளைமார், வடக்கே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பாந்துக்கள், பர்மாவிலிருந்து வந்த கரேன்கள், பழைய கைதிகளுக்குத் தீவிலேயே பிறந்த பிள்ளைகள் என்று பல மொழியும் பல மதமும் கலந்த ஒரு சமூகம் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தச் சமூகத்துக்குத்தான் அவர் மருத்துவர். போர்ட் பிளேரில் காவல்துறையினருக்கு ஒரு குருத்வாரா இருந்தது. பொதுமக்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று அவர் முயன்றார், கட்டியும் முடித்தார். பிள்ளைகளின் படிப்பிலும் அக்கறை காட்டினார். 1938-இல் அவருடைய கவிதைத் தொகுதி ‘வகதே பாணி’ வெளிவந்தது. யாப்பை விட்டு விலகி எழுதிய தொடக்ககாலப் பஞ்சாபிக் கவிஞர்களில் பூரண் சிங்கோடு சேர்த்து இவரையும் சொல்வார்கள். சடங்கையும் தேங்கிப்போன மதத்தையும் சாடுகிற கவிதைகள் அவை. குருத்வாரா கட்டிய கையேதான் அவற்றையும் எழுதியது என்பதைக் கவனிக்கவேண்டும். இதைப் பிறகு பார்ப்போம்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். எதிர்த்துச் சுட ஆளில்லை. சில மாதங்களுக்கு முன் கொண்டுவந்து நிறுத்திய கூர்க்காப் படையைப் பிரிட்டிஷ் அரசு அதற்குள் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைமை ஆணையர் வாட்டர்ஃபால் சிறைப்பட்டார். அவருக்குக் கீழிருந்த அதிகாரி பேர்டின் தலை பொது இடத்தில் துண்டிக்கப்பட்டது. ஆசியா ஆசியருக்கே என்ற முழக்கத்தை நம்பிய தீவுவாசிகள் சில நாட்களிலேயே வேறொன்றைப் பார்த்தார்கள். அபர்தீன் பகுதியில் வீடு புகுந்து சூறையாடிய சிப்பாய்களை நோக்கி சுல்ஃபிகர் அலி என்ற இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். யாருக்கும் பெரிய காயமில்லை. அதற்காக வீடுகள் கொளுத்தப்பட்டன. பிறரைக் காப்பாற்ற அவர் சரணடைந்தார். ஊரார் பார்க்க அவரைச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். இந்த நிலையில்தான் ராஷ் பிஹாரி போஸின் இந்திய சுதந்திரச் சங்கத்துக்கு அந்தமானில் கிளை ஏற்பட்டு, திவான் சிங் அதற்குத் தலைமை ஏற்றார். மக்களுக்கும் படையினருக்கும் நடுவே நின்று பேச ஓர் அமைதிக்குழுவும் அமைந்தது. அதிலும் அவர் இருந்தார்.

இங்கே முதல் மறுப்பு எழும். ஜப்பானியர் நிழலில் பதவி வகித்தவரைத் தியாகி என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான். ஆனால் 1942-இல் ஒரு தீவில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு என்ன வழி இருந்தது என்று பார்த்துவிட்டு அதைக் கேட்கவேண்டும். கப்பல் கிடையாது, வெளியே கடிதம் போகாது, தீவில் விளையும் நெல் வயிற்றுக்குப் போதாது. மக்களுக்காகப் பேசவேண்டுமானால் ஆள்பவனிடம்தான் பேசியாகவேண்டும். ஆங்கிலேயரின் படையில் மருத்துவராக இருந்துகொண்டே ஆங்கிலேயருக்கு எதிராகப் பேசியவர், ஜப்பானியர் ஒப்புக்கொண்ட சங்கத்தில் இருந்துகொண்டே ஜப்பானியருக்கு இணங்க மறுத்தார். குருத்வாராக் கட்டடத்தைப் படையினரின் கேளிக்கைக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியப் பெண்களை வைக்கத் தரும்படி கேட்டபோது அவர் மறுத்தார் என்று தீவில் சொல்வார்கள். பதவியை ஏற்றதும் மறுக்கவேண்டிய இடத்தில் மறுத்ததும் ஒரே மனிதரின் செயல்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவரை எடைபோட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. தீவுவாசிகள் எதிரிக்கு உளவு சொல்கிறார்கள் என்ற ஜப்பானியரின் சந்தேகம் கற்பனையா? கற்பனை இல்லை. அந்தமானில் முன்பு காவல் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி 1943 ஜனவரியில் டச்சு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் வந்து, சிறு குழுவோடு ரகசியமாகத் தீவில் இறங்கினார். காட்டுக்குள் பதுங்கி இருந்து தகவல் திரட்டிக்கொண்டு திரும்பினார். போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு வரும் ஜப்பானியக் கப்பல்கள் நேசநாட்டுப் படைகளின் தாக்குதலுக்கு அடுத்தடுத்து இலக்காயின. யாரோ தகவல் தருகிறார்கள் என்று ஜப்பானியத் தளபதிகள் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் யார் என்று அவர்கள் தேடிய விதம்தான் கொடுமை. காட்டில் இருந்தவனைப் பிடிக்க முடியாதவர்கள், ஊரில் ஆங்கிலம் தெரிந்தவன், முன்பு அரசுப் பணியில் இருந்தவன், பத்துப் பேர் மதிப்பவன் என்று பார்த்துப் பிடித்தார்கள். 1943-இன் முதல் மாதங்களில் ஒரு சுற்றுக் கைது நடந்து, காவல் அதிகாரி நாராயண ராவ் உள்ளிட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் அடுத்த சுற்று. இம்முறை சிக்கியவர்களில் பெரும்பாலோர் சுதந்திரச் சங்கத்தின் ஆட்கள். திவான் சிங்கும் ஒருவர். கூரையிலிருந்து தலைமுடியைக் கட்டித் தொங்கவிட்டார்கள், உடம்பில் சூடு வைத்தார்கள். உளவு பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போடு என்றார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் இது நடந்தது. கையெழுத்து வாங்கமுடியாமலே அவர் உயிர் போனது. இரண்டு வாரம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, அந்த வழக்கில் எஞ்சியவர்களில் 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால்தான் இந்த வரலாறு ஏன் அமுங்கிப்போனது என்பது விளங்கும். சுபாஷ் சந்திர போஸ் 1943 டிசம்பர் 29 அன்று போர்ட் பிளேரில் இறங்கினார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயரிட்டார். பழைய புரட்சியாளர்கள் அடைபட்டிருந்த இடம் என்று செல்லுலார் சிறைக்கும் போய் வணங்கினார். அந்த நாளில் அதே சிறைக்குள் திவான் சிங் உயிரோடு இருந்தார். அவர் சாக இன்னும் இரண்டு வாரமே இருந்தது. கைதிகள் இருந்த பகுதிக்கு போஸ் அழைத்துச் செல்லப்படவில்லை. தீவுவாசிகள் யாரும் அவரைத் தனியே சந்தித்து நிலைமையைச் சொல்ல ஜப்பானியர் இடம்கொடுக்கவில்லை. இந்திய மண்ணில் சுதந்திர அரசின் முதல் கொடி என்ற பெருமையும், சுதந்திரச் சங்கத்தின் தலைவரே அந்த அரசின் கூட்டாளிகளிடம் வதைபட்டது என்ற சிறுமையும் ஒரே ஊரில், ஒரே நாளில், கூப்பிடு தூரத்தில் நடந்தவை. முதலாவதைப் பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டோம். இரண்டாவதை அங்கே சேர்த்தால் முதலாவதை எப்படிச் சொல்வது என்ற சங்கடம் வந்துவிடும்.

இப்படிச் சொன்னால் நேதாஜியைக் குறைசொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு எவ்வளவு தெரியும், தெரிந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்பவை தனிக் கேள்விகள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டிய தேவை இந்த வாதத்துக்கு இல்லை. அவருடைய அரசின் கையில் அந்தமானில் என்ன அதிகாரம் இருந்தது என்பதற்கு ஒரு தமிழரே சாட்சி. ஆற்காட்டைப் பெயரில் சுமந்த ஏ.டி. லோகநாதன், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அவரையே தீவுகளின் ஆளுநராக போஸ் நியமித்தார். 1944 பிப்ரவரியில் அவர் வந்து சேர்ந்தபோது ஹம்ஃப்ரிகஞ்ச் படுகொலை முடிந்திருந்தது. காவல்துறையைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டார். உளவு விசாரணை நடக்கும்வரை தரமுடியாது என்றார்கள். அவர் கைக்கு வந்தது கல்வித்துறை ஒன்றுதான். ஆளுநர் என்ற பட்டம் இருந்தது, ஒரு கைதியைப் பார்த்துவிட்டு வர அதிகாரமில்லை. சில மாதங்களில் உடல்நலம் கெட்டு அவர் திரும்பிப் போனார். ராணுவ மருத்துவர்கள் இருவர். ஒருவர் ஆளுநராகியும் ஒன்றும் செய்ய முடியாமல் போனவர், மற்றவர் சாதாரண ஊழியராக இருந்து முடியாது என்று சொன்னதற்காகச் செத்தவர். இருவரின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தமானில் 1943-இல் பறந்த கொடியின் உண்மையான எடை தெரியும். அது போஸின் துணிச்சலைக் குறைக்காது. அவர் எப்படிப்பட்ட கூட்டாளியோடு கைகோக்க நேர்ந்தது என்பதைத்தான் காட்டும்.

இன்னொரு மறுப்பை நினைவுச்சின்ன அதிகாரிகள் சொல்லக்கூடும். செல்லுலார் சிறை 1979 பிப்ரவரி 11 அன்று மொரார்ஜி தேசாயால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் எதிர்ப்புப் போராட்டத்தின் தேசிய நினைவகமாகத்தான் அர்ப்பணிக்கப்பட்டது; வேறு கொடுமைகளுக்கு வேறு இடம் உண்டு என்பார்கள். சொல்வதற்கு எளிது, கட்டடம் அதற்கு உடன்படாது. 1906-இல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகளோடு நின்ற சிறையில் இன்று மிஞ்சியவை மூன்று. 1941 ஜூன் நிலநடுக்கம் ஒரு பகுதியைச் சாய்த்தது. ஜப்பானியர் தங்கள் பதுங்கு அறைகளுக்காகச் செங்கல்லைப் பெயர்த்தார்கள். விடுதலைக்குப் பிறகு அதே வளாகத்தில் அரசு மருத்துவமனை எழுந்தது. கடற்கரை நெடுக இன்றும் நிற்கும் ஜப்பானியப் பதுங்கு அறைகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிக்கு, அவற்றின் சரித்திரமும் சிறையின் சரித்திரமும் ஒன்றோடொன்று பின்னியவை என்று யாரும் சொல்வதில்லை. இடத்தைத்தான் நினைவுகூர்கிறோம் என்றால் இடத்தின் முழு வயதையும் நினைவுகூரவேண்டும். ஓர் ஆட்சியின் வதையைப் பளிங்கில் பொறித்துவிட்டு அடுத்த ஆட்சியின் வதையைச் சொல்லாமல் விட்டால், ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதாகிவிடும்.

1942 முதல் 1945 வரையிலான காலம் அறவே மறக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஹம்ஃப்ரிகஞ்சில் நினைவிடம் உண்டு, ஆண்டுதோறும் மாலை வைக்கிறார்கள். போர்ட் பிளேர் குருத்வாரா டாக்டர் திவான் சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இக்பால் சிங், ஜெயந்த் தாஸ்குப்தா போன்றோர் அந்தக் காலத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். கார் நிக்கோபாரில் ஜான் ரிச்சர்ட்சனைப் பார்க்கலாம். நிக்கோபாரி மொழியில் விவிலியத்தை மொழிபெயர்த்த அந்தப் பாதிரியாரையும் ஜப்பானியர் சிறைவைத்து வதைத்தார்கள். போர் முடிந்ததால் உயிர் தப்பினார். பிறகு ஆயராகி, 1952-இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரும் ஆனார். தீவில் அவரை மறந்தவர் இல்லை, காரணம் அங்கே திருச்சபை இருக்கிறது. தனக்கென்று ஓர் அமைப்பு உள்ள சமூகம் தன் ஆளைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. குருத்வாரா காப்பாற்றிய திவான் சிங், சீக்கியத் தியாகி திவான் சிங். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் இருந்த சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர், தேங்கிப்போன சமயத்தைத் தன் கவிதையில் சாடியவர் ஆகியோருக்கு அந்தச் சித்திரத்தில் இடம் குறுகிவிடுகிறது. சமூகம் தன் அளவுக்குத் தைத்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டது என்று கோபப்படுவதில் பொருளில்லை. பொதுச் சட்டை தைக்கவேண்டிய நாடு ஏன் ஒதுங்கிக்கொண்டது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

தமிழர்கள் இதைத் தள்ளி நின்று பார்க்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாக அதிகம் பேரின் தாய்மொழி தமிழ். இதே வரலாற்றுக் கூறுபாடு நம் வீட்டிலும் நடந்திருக்கிறது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போன தமிழர்களைப் பெருமையோடு பேசுகிறோம். பேசவேண்டியதும்தான். அதே தோட்டங்களிலிருந்து, அதே ஆண்டுகளில், அதே ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஓட்டிச்சென்று காட்டில் மடியவிட்ட பல்லாயிரம் தமிழர்களைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. முதல் கதைக்கு ஒரு நாயகன் உண்டு, கொடி உண்டு, பாட்டு உண்டு. இரண்டாவதில் கூலிகள் மட்டும்தான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வந்தபோது அதைப் பெரும்பாலோர் கவனிக்காமல் விட்டதற்குப் பல காரணம் சொல்வார்கள். ஜப்பானியர் காலத்துத் தென்கிழக்காசியாவை வீரமும் இழிவும் சேர்ந்த குழப்பமாகக் காட்டிய நாவலை எந்த அலமாரியில் வைப்பது என்று வாசகர்களுக்குத் தெரியாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். திவான் சிங்கையும் எந்த அலமாரியில் வைப்பது என்று நாட்டுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, இலக்கியத்தின் பக்கமிருந்து. அவர் பெரிய கவிஞராக இருந்திருந்தால் எழுத்தே அவரைக் காப்பாற்றியிருக்காதா? சிப்பாயாக இருந்த எழுத்தாளர்கள் உலகில் எத்தனையோ பேர் நிலைத்திருக்கிறார்களே? ஜெர்மானியரான எரிக் மரியா ரெமார்க்கை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் காயப்பட்ட சாதாரணச் சிப்பாய் அவர். 1929-இல் வந்த அவருடைய போர் நாவல் லட்சக்கணக்கில் விற்றது. 1933-இல் நாஜிகள் அதைத் தெருவில் போட்டு எரித்தார்கள், பிறகு அவருடைய குடியுரிமையையும் பறித்தார்கள். ஆனால் அதற்குள் புத்தகம் பல மொழிகளுக்குப் போய்விட்டது. எரிக்க எரிக்க விற்றது. எழுத்தின் தரம் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், வாசகர் என்று எல்லை தாண்டிய சந்தை ஒன்று அவர் பின்னால் இருந்தது. திவான் சிங் எழுதியது குருமுகி எழுத்தில், யாப்புக்குப் பழகிய வாசகர்களுக்குப் புதிதாக இருந்த வடிவத்தில், கப்பல் எப்போதாவது வரும் தீவிலிருந்து. தொகுதி வந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் பிறந்த ஊர் வேறு நாட்டில் போய்ச் சேர்ந்தது. போரைப் பற்றி அவரே எழுதியிருக்க வேண்டிய புத்தகத்தை எழுத அவரை விடவில்லை. இத்தனைக்குப் பிறகும் பஞ்சாபியில் அவர் பெயர் நிற்கிறது, மறைவுக்குப் பின் மிச்சக் கவிதைகளும் வெளிவந்தன. எழுத்து தன் கடமையைச் செய்துவிட்டது. மற்ற மொழிக்காரர்கள் அவரை அறியாததற்குக் கவிதையைக் குறைசொல்ல வழியில்லை.

1945 அக்டோபரில், போஸ் கொடியேற்றிய அதே ஜிம்கானா மைதானத்தில், ஜப்பானியத் தளபதிகள் சரணடைந்து தங்கள் வாளை ஒப்படைத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் பிரிட்டிஷார். ஒரே மைதானத்தில் இரண்டு ஆண்டுக்குள் மூன்று ஆதிக்கங்களின் நிழல் விழுந்தது. மூன்றையும் ஒன்றாகச் சொல்ல நமக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை என்பதற்காக, நடுவில் செத்தவர்களை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட முடியாது. 2018-இல் தீவுகளுக்குப் பெயர் மாற்றியபோது நீல் தீவு ஷஹீத் ஆனது, ஹேவ்லாக் ஸ்வராஜ் ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர் வந்தது. 1943-ஐ நினைவுகூர அரசு தயாராக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படியானால் அதே ஆண்டின் மறுபாதியையும் அரசே நினைவுகூரவேண்டும். சிறையின் பலகைகளில் 1942 முதல் 1945 வரை என்று நான்காவது பிரிவு ஒன்றைச் சேர்ப்பதால் பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங்கின் பெருமையோ போஸின் பெருமையோ குறையாது. அந்நிய ஆட்சி எந்த நிறத்தில், எந்த முழக்கத்தோடு வந்தாலும் சிறையைச் சிறையாகத்தான் பயன்படுத்தும் என்ற ஒரு பாடத்தை அது கூடுதலாகச் சொல்லும். விடுதலை பெற்ற நாட்டின் அரசு உட்பட எல்லா அரசுக்கும் பொருந்தும் பாடம் அது. அதனால்தானோ என்னவோ, அதைப் பளிங்கில் பொறிக்க இவ்வளவு தயக்கம்.